மார்ச் மேட்னஸ் பிராக்கெட் நிரப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பாதி கடந்ததும் அமெரிக்க அலுவலகங்களில் ஒரு மின்னஞ்சல் சுற்றும்: "பிராக்கெட் பூல் தொடங்கியாச்சு, வியாழக்கிழமை மதியத்துக்குள் நிரப்பிவிடுங்கள்." பிராக்கெட் என்பது போட்டியின் ஆட்டங்களைச் சுற்றுவாரியாகக் காட்டும் கட்டம். பூல் என்பது ஆளுக்கொரு கட்டத்தை நிரப்பி, யார் அதிகம் சரியாகக் கணித்தார் என்று பார்க்கும் பந்தயம். கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த நம் ஆட்கள் அப்போது கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மார்ச் மேட்னஸ் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் ஆண்டுக் கோப்பைப் போட்டி. பேச்சு பெரும்பாலும் அதன் மேல்மட்டமான டிவிஷன் 1-ன் ஆண்கள் போட்டி பற்றியது. பெண்கள் போட்டிக்குத் தனிக் கேள்வி இருக்கிறது. போட்டி 64 அணிகளாக விரிந்த 1985 முதல் 2025 வரையிலான கணக்கையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொரோனாவால் 2020-ல் போட்டி நடக்கவில்லை என்பதால் மொத்தம் 40 ஆண்டுப் போட்டிகள்.

பிராக்கெட்டில் எதை நிரப்ப வேண்டும்?

மொத்தம் 68 அணிகள். அவற்றில் எட்டு அணிகள் செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 'ஃபர்ஸ்ட் ஃபோர்' என்ற நான்கு ஆட்டங்களை ஆடும். தோற்ற நான்கும் கழிந்தால் மீதி 64. இவை ஈஸ்ட், வெஸ்ட், சவுத், மிட்வெஸ்ட் என்று நான்கு ரீஜன்களில், ரீஜனுக்கு 16 அணியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 16 வரை சீட் எண், அதாவது தரவரிசை எண், உண்டு. 1 தான் உச்சி. முதல் சுற்றில் 1-ஆம் சீட் 16-உடனும், 2-ஆம் சீட் 15-உடனும் மோதும். எதிரெதிர் நிற்கும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும்.

ஒருமுறை தோற்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆறு சுற்று, 63 ஆட்டம், கடைசியில் ஒரு சாம்பியன். முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே 63 ஆட்டங்களின் வெற்றியாளரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. நீங்கள் சாம்பியன் என்று எழுதிய அணி முதல் நாளே தோற்றால், அந்தப் பெயர் அடுத்த ஐந்து சுற்றிலும் சிவப்புக் கோடு விழுந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஞாயிறு மாலை 'செலக்‌ஷன் சண்டே' நிகழ்ச்சியில் அணிகளை அறிவிப்பார்கள். வியாழன் நண்பகலில் முதல் ஆட்டம். நடுவே நான்கு நாள்கூட முழுசாக இல்லை. பெரும்பாலான பூல்களில் ஃபர்ஸ்ட் ஃபோர் கணக்கில் வராது.

68 அணிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சீட் எண் எதை வைத்து?

கான்ஃபரன்ஸ் என்பது சேர்ந்து ஆடும் கல்லூரிகளின் லீக். 31 கான்ஃபரன்ஸ்கள் ஒவ்வொன்றும் தன் சாம்பியனை அனுப்பும். மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக்குழு நிரப்பும். பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்களும் கான்ஃபரன்ஸ் கமிஷனர்களும்தான் அந்தக் குழுவில் உட்காருகிறார்கள். 2018-19 சீசனிலிருந்து 'நெட்' என்ற தரவரிசையை அவர்கள் முக்கியக் கருவியாக வைத்திருக்கிறார்கள். யாரை வென்றாய், எங்கே வைத்து வென்றாய் என்று அது பார்க்கும். சொந்த மைதானத்தில் முதல் 30-க்குள் உள்ள அணியை வெல்வதும், வெளியூர் போய் முதல் 75-க்குள் உள்ள அணியை வெல்வதும் அங்கே ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று: சீட் எண் ஒரு சீசனின் சாதனைக்குத் தரப்படும் பரிசு. இன்று யார் வலுவான அணி என்பது வேறு கேள்வி. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பிராக்கெட் நிரப்புகிறவருக்கு வேலை இருக்கிறது. 2023-ன் யூகான் அணியைப் பாருங்கள். ஜனவரியில் வரிசையாகத் தோற்றதால் 4-ஆம் சீட்தான் கிடைத்தது. ஆனால் போட்டி தொடங்கும்போதே கென்பாம் என்ற புள்ளிவிவரத் தரவரிசையின் கணக்கில் நாட்டின் முதல் ஐந்துக்குள் இருந்தது. ஆறு ஆட்டங்களையும் பத்துப் புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்று கோப்பையை எடுத்துப் போனது.

63 ஆட்டங்களையும் சரியாகக் கணித்தவர் யாராவது உண்டா?

சரிபார்க்கக்கூடிய பதிவில் எவரும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசைச் சுண்டி முடிவு செய்தால், 2-ஐ 63 முறை பெருக்கி வரும் எண்ணில் ஒன்றுதான் வாய்ப்பு. அந்த எண் சுமார் 92,000 கோடி கோடி.

ஆட்டம் தெரிந்தவர் காசைச் சுண்ட மாட்டார். சரி, மூன்றில் இரண்டு ஆட்டங்களைச் சரியாகச் சொல்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 12,000 கோடியில் ஒரு வாய்ப்பு. நான்கில் மூன்றைச் சரியாகச் சொல்லும் கில்லாடிக்கு ஏழு கோடிச் சொச்சத்தில் ஒன்று. இஎஸ்பிஎன் தளத்தில் மட்டும் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பிராக்கெட்டுகள் வந்தும் ஒன்றுகூட முழுசாகத் தேறாததன் காரணம் இதுதான். ஒரே விளையாட்டை, ஒரே புள்ளிவிவரத்தை எல்லோரும் பார்ப்பதால் அந்த இரண்டு கோடியில் பெரும்பகுதி ஒன்றுக்கொன்று நகல் போலவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2014-ல் குவிக்கன் லோன்ஸ் நிறுவனமும் வாரன் பஃபெட்டும் சேர்ந்து, முழு பிராக்கெட்டையும் சரியாக நிரப்புகிறவருக்கு 100 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு 14-ஆம் சீட் மெர்சர், 3-ஆம் சீட் ட்யூக்கை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. இறுதி ஆட்டத்தில் மோதியவை 7-ஆம் சீட்டும் 8-ஆம் சீட்டும். பஃபெட் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இதுவரை அறியப்பட்டதில் நீண்ட தூரம் போனது 2019-ல் ஒஹையோக்காரர் ஒருவரின் பிராக்கெட். முதல் 49 ஆட்டங்கள் சரி. 50-ஆவதில் டென்னசியைப் பர்ட்யூ கூடுதல் நேரத்தில் 99-94 என்று வென்றது, அதோடு முடிந்தது.

அப்படியானால் எதைக் குறிவைப்பது?

உங்கள் பூலில் இருக்கும் மற்றவர்களைவிட ஒரு புள்ளி கூடுதலாக எடுப்பதை. அதற்கு முதலில் புள்ளிமுறையைப் பாருங்கள். பரவலாக இருப்பது 10, 20, 40, 80, 160, 320 என்ற வரிசை. முதல் சுற்றின் 32 ஆட்டங்களும் சரியானால் 320 புள்ளி. சாம்பியன் ஒருவரைச் சரியாகச் சொன்னாலும் அதே 320. அதாவது, வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எல்லோரும் கத்திக் கொண்டாடும் அத்தனை ஆட்டங்களின் மொத்த மதிப்பும் கடைசி ஒரே ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. அந்தச் சாம்பியன் அரையிறுதியிலும் கால் இறுதியிலும் சேர்த்துத் தரும் புள்ளிகள் தனி.

நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர்மாறு. 12-ஆம் சீட்டா 5-ஆம் சீட்டா என்று மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, சாம்பியன் கட்டத்தில் கேள்விப்பட்ட கல்லூரி ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போவார்கள். கட்டத்தை வலக்கோடியிலிருந்து நிரப்புங்கள். முதலில் சாம்பியன், பிறகு ஃபைனல் ஃபோர் (அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகள்), பிறகு எலைட் எய்ட் (கால் இறுதிக்கு வரும் எட்டு). முதல் சுற்று கடைசியில்.

சில பூல்களில் சீட் எண்ணையே போனஸ் புள்ளியாகக் கூட்டுவார்கள், அல்லது எல்லாச் சுற்றுக்கும் ஒரே புள்ளி கொடுப்பார்கள். அங்கே கணக்கு மாறும். போனஸ் இருந்தால் முதல் சுற்று அப்செட்டுகளை, அதாவது சின்ன அணி பெரிய அணியை வீழ்த்தும் ஆட்டங்களைத் துரத்துவதில் அர்த்தம் உண்டு. விதி எழுதிய மின்னஞ்சலைப் படிக்காமல் யாரும் கட்டத்தைத் திறக்காதீர்கள்.

சாம்பியனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாற்பதில் 26 முறை 1-ஆம் சீட் அணிதான் வென்றிருக்கிறது. 2-ஆம் சீட் ஐந்து முறை, 3-ஆம் சீட் நான்கு முறை, 4-ஆம் சீட் இரண்டு முறை (1997-ல் அரிசோனா, 2023-ல் யூகான்). அதற்குக் கீழே மூன்றே மூன்று: 1985-ல் 8-ஆம் சீட் வில்லனோவா, 1988-ல் 6-ஆம் சீட் கன்சாஸ், 2014-ல் 7-ஆம் சீட் யூகான். எட்டுக்குக் கீழே உள்ள எந்த அணியும் இறுதி ஆட்டத்தைத் தொட்டதே இல்லை. ஆகவே முதல் மூன்று சீட்டுகளுக்கு வெளியே சாம்பியனைத் தேடுகிறவருக்கு யூகான் மாதிரி வலுவான காரணம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

நான்கு 1-ஆம் சீட்டுகளில் எது? இங்கேதான் அணியின் தாக்குதல், தற்காப்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கோப்பையைத் தூக்கியவற்றில் பெரும்பாலானவை இரண்டிலும் நாட்டின் முன்னணியில் இருந்தவை. தாக்குதலில் முதலிடம், தற்காப்பில் எண்பதாவது இடம் என்று ஓர் அணி வந்தால் நான் அதை எலைட் எய்ட்டோடு நிறுத்திவிடுவேன். ஆறு ஆட்டத்தில் ஒரு நாளாவது பந்து வளையத்துக்குள் விழாது. அன்றைக்குக் காப்பாற்ற தற்காப்பு வேண்டும்.

எவ்வளவு நல்ல அணியானாலும் எதிர்பார்ப்பை அடக்கியே வைத்திருங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் 80 சதவீத வெற்றி வாய்ப்புள்ள அணிக்கு ஆறும் வெல்லும் வாய்ப்பு 26 சதவீதம்தான். தோல்வியே காணாமல் வந்த அணிகளுக்கும் இதே கதி. 2015-ல் 38-0 என்று வந்த கென்டக்கி அரையிறுதியில் விஸ்கான்சினிடம் வீழ்ந்தது. 2021-ல் 31-0 என்று வந்த கொன்சாகாவை இறுதியில் பெய்லர் 86-70 என்று புரட்டிப்போட்டது. ஆண்கள் பிரிவில் தோல்வியே இல்லாமல் கோப்பை வென்ற கடைசி அணி 1976-ன் இந்தியானா.

நான்கு 1-ஆம் சீட்டுகளையும் ஃபைனல் ஃபோரில் போட்டுவிடலாமா?

அப்படி நடந்தது இரண்டே முறை. 2008-லும், ஆபர்ன், ட்யூக், ஹூஸ்டன், ஃப்ளோரிடா நான்கும் வந்த 2025-லும். மறுபக்கம், 2011-ல் ஒரு 1-ஆம் சீட்டும் இல்லை, 2-ஆம் சீட்டும் இல்லை. வந்தவை 3, 4, 8, 11. அந்த 11-ஆம் சீட்டான வி.சி.யு. ஃபர்ஸ்ட் ஃபோரில் ஆடி உள்ளே வந்த அணி. 11-ஆம் சீட் ஃபைனல் ஃபோரை எட்டியது ஆறு முறை, கடைசியாக 2024-ல் நார்த் கரோலினா ஸ்டேட்.

என் வழக்கம்: இரண்டு 1-ஆம் சீட், ஒரு 2 அல்லது 3, நான்காவது இடத்தில் புள்ளிவிவரம் உயர்த்திப் பிடிக்கும் ஓர் அணி. 11-ஆம் சீட்டை நான் எழுத மாட்டேன். வரும், எனக்கும் தெரியும். எந்த ஆண்டு, எந்த அணி என்று தெரியாதே.

முதல் சுற்றில் சீட் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

1-ஆம் சீட்டுகள் 160 ஆட்டங்களில் இரண்டில்தான் தோற்றிருக்கின்றன. 2-ஆம் சீட்டுகள் 160-ல் பதினொன்றில். 3-ஆம் சீட் நூற்றுக்கு 85 தடவை போல ஜெயிக்கும், 4-ஆம் சீட் 80-ஐ ஒட்டி. ஐந்திலிருந்து ஏழு வரை அறுபதுகளின் தொடக்கத்துக்கு இறங்கிவிடும். 8-க்கும் 9-க்கும் நடப்பது சரிபாதி ஆட்டம். அதில் சீட் எண்ணைப் பார்ப்பதே வீண்.

"12-ஆம் சீட் ஒன்றைக் கண்டிப்பாகப் போடு" என்கிறார்களே?

பழைய வாக்கு, பாதி உண்மை. 12-ஆம் சீட் மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகவே 5-ஆம் சீட்டை வெல்கிறது. நான்கு ஆட்டம் நடப்பதால், ஏதோ ஒன்றிலாவது அப்செட் நடக்கும் வாய்ப்பு 80 சதவீதம். அந்த ஒன்று எது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டு எழுதுவதால் சரியாக வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகவேதான் இருக்கும். 2023-ல் நான்கு 5-ஆம் சீட்டுகளும் வென்றன. அவற்றில் சான் டியேகோ ஸ்டேட், மயாமி இரண்டும் ஃபைனல் ஃபோர் வரைக்கும் போயின. 12-ஐப் பிடித்துத் தொங்கியவர்கள் அன்று 10 புள்ளியோடு அடுத்தடுத்த சுற்றுப் புள்ளிகளையும் இழந்தார்கள்.

காரணம் இருந்தால் எழுதுங்கள். 2025-ல் 12-ஆம் சீட் கொலராடோ ஸ்டேட், 5-ஆம் சீட் மெம்ஃபிஸுடன் மோதியபோது பந்தயச் சந்தையே கொலராடோ பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதை எழுதியவர் துணிச்சலாக எதுவும் செய்யவில்லை. கணக்கைப் படித்தார், அவ்வளவுதான்.

அப்செட் ஏன் நடக்கிறது? முன்கூட்டியே அடையாளம் தெரியுமா?

சில குணங்கள் தெரியும். தேதி தெரியாது.

முதலாவது, ஆட்டத்தின் வேகம். ஓர் அணி கையில் பந்து வந்து, புள்ளியாகவோ இழப்பாகவோ முடிவதைப் பொசஷன் என்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்கு இது சுமார் 70 முறை கிடைக்கும். நிதானமாக ஆடும் அணிகள் இதை 60 அருகே இறக்கிவிடும். ஐந்து நாள் டெஸ்ட்டில் ஆஸ்திரேலியாவை வெல்ல முடியாத அணி இருபது ஓவரில் வென்றுவிடுவதில்லையா, அதே சங்கதிதான். வாய்ப்பு குறையக் குறைய பலவீனமான அணிக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும். ஆகவே மெதுவாக ஆடும் பெரிய அணி தனக்குத்தானே ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறது.

2018-ன் வர்ஜீனியா அப்படிப்பட்ட அணி. நாட்டிலேயே முதல் இடம், இரும்புத் தற்காப்பு, ஆமை வேகம். முக்கிய ஆட்டக்காரரான டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து விலகியிருந்தார். எதிரே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்து அணி, 16-ஆம் சீட். இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் சின்ன அணி மூன்று புள்ளி வீச்சுகளைக் கொட்டித் தீர்த்து 74-54 என்று முடித்தது. ஆண்கள் போட்டியில் 1-ஆம் சீட் 16-இடம் தோற்றது அதுவே முதல்முறை. இதே வர்ஜீனியா மறு ஆண்டு சாம்பியன் ஆனது. முந்தைய ஆண்டின் அவமானத்தை நினைத்து அவர்களைத் தவிர்த்தவர்கள் 2019-ல் கையைப் பிசைந்தார்கள்.

இரண்டாவது, மூன்று புள்ளி வீச்சு. உயரத்திலும் பலத்திலும் குறைந்த அணி தூரத்திலிருந்து எறிந்து ஈடுகட்டும். 2024-ல் 14-ஆம் சீட் ஓக்லண்ட் அணியின் ஜாக் கோல்கி தனி ஆளாகப் பத்து மூன்று புள்ளி எறிந்து கென்டக்கியை வீட்டுக்கு அனுப்பினார். கோல்கி ஒரு சீசன் முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தார். கென்டக்கி பக்கம் முதலாண்டு மாணவர்கள் அதிகம், ஓக்லண்ட் பக்கம் வயதும் அனுபவமும் கூடிய கைகள். இப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால் நின்று யோசியுங்கள்.

மூன்றாவதாகப் பந்தைத் தொலைக்கும் பழக்கம். நெருக்கிப் பிடித்து ஆடும் சின்ன அணிக்கு எதிரே பந்தை அடிக்கடி பறிகொடுக்கும் பெரிய அணி வந்தால் சீட் எண் உதவாது.

இந்த எதிலும் அடங்காததும் உண்டு. 2023-ல் ஃபேர்லி டிக்கின்சன் டிவிஷன் 1-லேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. அது தன் கான்ஃபரன்ஸ் கோப்பையைக்கூட வெல்லவில்லை. வென்ற மெரிமாக் கல்லூரிக்கு அந்த ஆண்டு ஆடத் தகுதி இல்லாததால் உள்ளே வந்தது. எதிரே ஏழடி நான்கு அங்குல ஸாக் ஈடி நிற்கும் பர்ட்யூ. 63-58. இதைக் காரணத்தோடு முன்பே எழுதியவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு.

கென்பாம் என்கிறார்களே, அது என்ன? இலவசமாகப் பார்க்க முடியுமா?

கென் பாமராய் என்பவர் நடத்தும் தரவரிசை. 100 பொசஷனுக்கு ஓர் அணி எவ்வளவு புள்ளி எடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்கிட்டு, எதிரணியின் தரத்துக்கு ஏற்பத் திருத்தும். ஆட்ட வேகம் ஒரு தனிப் பத்தி. முதன்மைப் பட்டியல் இலவசம், ஆழமான விவரங்களுக்குச் சந்தா. இதே மாதிரி வேறு பட்டியல்களும் இருக்கின்றன. எல்லாம் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லும். நேரமே இல்லை என்றால் பந்தயச் சந்தை அந்த ஆட்டத்துக்குக் கொடுக்கும் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். காயம், பயணம், ஃபார்ம் எல்லாம் அதற்குள் கலந்திருக்கும்.

எங்கள் பூலில் 100 பேர். எல்லோரும் பார்க்கும் அதே பட்டியலை நானும் பார்த்தால் எப்படி ஜெயிப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 'அ' அணிக்குக் கோப்பை வாய்ப்பு 25 சதவீதம், உங்கள் பூலில் 40 பேர் அதை எழுதியிருக்கிறார்கள். 'ஆ' அணிக்கு 18 சதவீதம், எழுதியவர்கள் 8 பேர். 'அ' வென்றால் 40 பேரோடு சண்டை போட வேண்டும். தலைக்குப் பங்கிட்டால் உங்கள் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 'ஆ' வென்றால் எட்டுப் பேருக்குள் போட்டி, இரண்டு சதவீதத்துக்கு மேல். வலுவில் சற்றே குறைந்த 'ஆ'தான் லாபமான தேர்வு. 2025-ல் நடந்தது ஏறக்குறைய இதுதான். பெரும் கூட்டம் ட்யூக்கின் பின்னால் நின்றது. அரையிறுதியின் கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்த ட்யூக், ஹூஸ்டனிடம் 70-67 என்று கோட்டை விட்டது. ஹூஸ்டனை 65-63 என்று வென்று ஃப்ளோரிடா கோப்பையைத் தூக்கியது. ஃப்ளோரிடாவும் 1-ஆம் சீட்தான். அதை எழுத அசட்டுத் துணிச்சல் எதுவும் தேவைப்படவில்லை.

வித்தியாசப்படுவதை ஓரிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாம்பியனில் வித்தியாசம், மற்ற இடங்களில் பெரும்பாலும் வலுவான அணிகள். எல்லாக் கட்டத்திலும் புதுமை காட்டியவர் முதல் வார முடிவிலேயே அடிவாரத்தில் இருப்பார்.

யார் எதை எழுதுவார்கள் என்று எப்படித் தெரியும்? பெரிய தளங்கள் எந்த அணியை எத்தனை சதவீதம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று காட்டும். அலுவலகத்துக்கு அதைவிட நல்ல குறிப்பு உண்டு: ஊர்ப்பற்று. டியர்பார்ன் அலுவலகத்தில் மிச்சிகன் அணியையும், ராலியில் ட்யூக், நார்த் கரோலினாவையும் ஆளாளுக்கு எழுதித் தள்ளுவார்கள். உள்ளூர் அணியைப் பூல் முழுக்க அளவுக்கு மீறி நம்பும்போது நீங்கள் வேறு பக்கம் போவது நல்லது. பத்துப் பேருக்குள் நடக்கும் பூலில் இவ்வளவு தந்திரம் வேண்டாம். பாதிப் பேர் தாங்கள் படித்த கல்லூரியைச் சாம்பியனாக எழுதியிருப்பார்கள். நல்ல 1-ஆம் சீட் ஒன்றே உங்களை மேலே கொண்டுபோகும்.

ஆட்டமே பார்க்காத ரிசப்ஷனிஸ்ட் ஜெர்சி நிறத்தை வைத்து எழுதி ஜெயிக்கிறாரே?

ஜெயிப்பார். நூறு பேரில் நிறம், சின்னம், பெயர் என்று எதையாவது வைத்து எழுதுகிறவர்கள் இருபது பேர் இருந்தால் அவர்களில் யாரோ ஒருவருக்கு அடிப்பதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு அதே ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அதிபர் ஒபாமாகூட 2009-ல் தொலைக்காட்சியில் பிராக்கெட் நிரப்பி, நார்த் கரோலினா என்று சாம்பியனைச் சரியாகச் சொன்னார்.

மெஷின் லேர்னிங் மாடல் கட்டினால் உதவுமா?

நம் ஊர் ஐடி நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேகிள் தளம் 2014 முதல் இதற்கென்றே போட்டி நடத்துகிறது. அங்கே வெற்றியாளரை எழுதினால் போதாது. மோதக்கூடிய ஒவ்வொரு ஜோடிக்கும் வெற்றி வாய்ப்பை எண்ணாகத் தர வேண்டும். உறுதியாகச் சொல்லித் தவறினால் தண்டனை கடுமை. உதாரணமாக, வித்தியாசத்தின் வர்க்கத்தை எடுக்கும் முறையில் 90 சதவீதம் என்று சொல்லி அந்த அணி வென்றால் அபராதம் 0.01. தோற்றால் 0.81. ஆகவே மாடலின் திறமை, எங்கே எவ்வளவு தயங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

முதல் ஆண்டு வென்றவர்கள் இரண்டு புள்ளியியல் பேராசிரியர்கள். பந்தயச் சந்தையின் புள்ளி வித்தியாசத்தையும் பொசஷன் அடிப்படையிலான தரவரிசையையும் கலந்தே அவர்கள் மாடல் கட்டினார்கள். நியூரல் நெட்வொர்க்கை ஏவினாலும் அடிப்படைத் தரவு இதுதான். ஃபர்ஸ்ட் ஃபோரையும் சேர்த்து வருஷத்துக்கு 67 ஆட்டம்தான் நடக்கிறது. அதற்குள் மாடல் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. மாடல் கட்டுங்கள், நல்ல பயிற்சி. அலுவலகப் பூலில் அது கென்பாமைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது.

பழைய புள்ளிவிவரங்கள் இன்னும் செல்லுமா?

எனக்குச் சந்தேகம் உண்டு. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் போய்விட்டது. விளைவு, சின்னக் கல்லூரியில் ஒருவர் பிரகாசித்தால் அடுத்த சீசனில் பெரிய கல்லூரியின் ஜெர்சியில் இருப்பார். 2022-ல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், 15-ஆம் சீட்டாக இருந்து கென்டக்கியையும் பர்ட்யூவையும் வீழ்த்தி எலைட் எய்ட் வரை போனது. 15-ஆம் சீட் அவ்வளவு தூரம் போனது அதுவே முதல்முறை. ஆட்டம் முடிந்த சூட்டிலேயே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போனார், முக்கிய ஆட்டக்காரர்களும் கலைந்தார்கள்.

2025-ன் ஸ்வீட் சிக்ஸ்டீனில், அதாவது மூன்றாம் சுற்றுக்கு வந்த கடைசிப் பதினாறில், எஸ்.இ.சி. ஏழு, பிக் டென் நான்கு, பிக் ட்வெல்வ் நான்கு, ஏ.சி.சி. ஒன்று. பதினாறும் பண பலமுள்ள நான்கு கான்ஃபரன்ஸ்களுக்குள்ளேயே முடிந்தன. ஓராண்டை வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும் சின்ன அணி ஒன்றை மூன்றாம் சுற்றுக்கு அப்பால் எழுதும்போது நான் இப்போது முன்பைவிட அதிகம் தயங்குகிறேன்.

பெண்கள் போட்டிக்கும் இதே சூத்திரமா?

இல்லை. அங்கே ஒட்டுமொத்தத் தரவரிசையில் முதல் 16 அணிகள் முதல் இரண்டு சுற்றையும் சொந்த மைதானத்தில் ஆடும். உச்சியில் இருக்கும் அணிகளுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளியும் அதிகம். ஆகவே முதல் இரண்டு சுற்றில் அப்செட்டைத் தேடி அலையாதீர்கள். 16-ஆம் சீட் வென்றது ஒரே முறை. 1998-ல் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 71-67 என்று வென்றது. ஸ்டான்ஃபோர்டின் முக்கிய ஆட்டக்காரர்கள் இருவர் அப்போது காயத்தில் இருந்தார்கள். 2024-ல் சவுத் கரோலினா 38-0 என்று முடித்தது. மறு ஆண்டு அதே அணியை இறுதியில் யூகான் 82-59 என்று வென்றது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் போட்டி என்பதால், இங்கே ஃபைனல் ஃபோரில் ஒரே ஓர் இடத்தில் மாறுபடுவதே போதுமான வித்தியாசம்.

நம்மவர் யாராவது இதில் ஆடியிருக்கிறார்களா?

இந்திய வம்சாவளியினர் மிகக் குறைவு. 2015-ல் மேரிலாண்ட் அணியின் வருண் ராம் மறக்க முடியாதவர். உதவித்தொகை ஆட்டக்காரராக வராமல், தானாக வந்து அணியில் சேர்ந்தவர். 13-ஆம் சீட் வால்பரைசோவுக்கு எதிராக மூன்று புள்ளி முன்னிலை, கடைசிச் சில நொடிகள். எறியவே விடாமல் தடுக்க அவரை இறக்கினார்கள், தடுத்தார். 65-62. அன்று மேரிலாண்டை எழுதியவர்கள் அத்தனை பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

பூலில் பணம் போடலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நண்பர்களுக்குள் பத்து டாலர் போடுவதை யாரும் கண்டுகொள்வதில்லை என்றாலும், உங்கள் நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர் தனக்கென்று பங்கு எடுத்தால் பல மாநிலங்களில் சிக்கல் வரும்.

கடைசிக் கட்டத்தில் 'டைபிரேக்கர்' என்று ஓர் எண் கேட்கிறதே?

இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளி. இருவர் சமமாக முடித்தால் இதற்கு நெருக்கமாக எழுதியவருக்குப் பரிசு. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. பார்த்துப் பழகியவர்கள் 200-க்கு மேல் எழுதிவிடுவார்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம்தான், இறுதி ஆட்டத்தில் தற்காப்பும் இறுக்கமாக இருக்கும். 2022-ல் மொத்தம் 141, 2023-லும் 2024-லும் 135, 2025-ல் 128. கூடுதல் நேரத்துக்குப் போன 2019-ல் 162. நீங்கள் எழுதிய இரண்டு அணிகளும் மெதுவாக ஆடுபவை என்றால் 130, வேகமாக ஆடுபவை என்றால் 150, எதுவும் தெரியாவிட்டால் 140.